மேசையிலிருந்து தெரிந்த பச்சை

எங்கள் பழைய ஆய்வுக்கூடத்தின் ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று நிவேதா கேட்டார். என்னிடம் பயிற்சிக்கு வந்தவர்; இப்போது அந்தக் கூடத்தின் தலைவர் அவர்தான். "ஆரம்ப நாள் சங்கதி ஏதாவது எழுதுங்க சார், ஜாலியா. புதுசா சேர்ந்தவங்க படிக்கணும்," என்றார். நானும் சரி என்றேன். திரவப் படிகங்களோடு காலம் தள்ளியவனுக்கு ஜாலியாக எழுத விஷயம் இல்லாமல் போகாது.

எழுத உட்காரும் முன்னால் ஒரு நிகழ்ச்சிக்கு என்னை அழைத்திருந்தார்கள். செவிலியர் பயிற்சி மாணவிகள் கூடத்தைப் பார்க்க வந்திருந்தார்கள். நான் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். இறால் ஓட்டிலிருந்து பிரித்தெடுக்கும் நானோ படிகங்களைக் கொண்டு செய்த புதிய தாள் ஒன்றை நிவேதா கையில் பிடித்துக் காட்டினார். பிறந்த குழந்தையின் வயிற்றில் ஒட்டினால் உடல் சூட்டுக்கு ஏற்றபடி நிறம் மாறும் தாள்.

"இதுல நிறத்தோட ஒரு சிரிக்கிற முகமும் தெரியும். ஏன் தெரியுமா?" என்றார் நிவேதா. "ரொம்ப வருஷம் முன்னால நடந்த முதல் சோதனையில, ஒரு நர்ஸம்மாவுக்குப் பச்சைக்கும் சிவப்புக்கும் வித்தியாசமே தெரியாது. குழந்தை ஜில்லுன்னு ஆயிட்டிருக்கு, அவங்க பச்சை பச்சைன்னு உட்கார்ந்திருந்தாங்களாம். அதுலேர்ந்துதான் இந்த முகம்."

மாணவிகள் சிரித்தார்கள். என் பின்னால் ஒரு பெண், "அது டிராபிக் போலீசா போயிருந்தா இன்னா ஆயிருக்கும்டி," என்றாள். மறுபடியும் சிரிப்பு. நான் நிவேதாவின் கையிலிருந்த தாளையே பார்த்தேன்.

நிவேதாவின் மேல் தவறில்லை. அவருக்கு யாரோ சொன்னார்கள், அவர்களுக்கு வேறு யாரோ. அந்தக் கதை புறப்பட்ட இடம் நான். அந்த நர்ஸம்மாவின் பெயர் லூர்துமேரி. அவர் கண்ணில் ஒரு குறையும் இல்லை. இது எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. தன் கண்ணைத் தானே நம்பாமல் அவர் இத்தனை காலம் வாழ்ந்திருப்பாரோ என்ற பயம் அன்றைக்குத்தான் என்னை முழுதாகப் பிடித்தது. ஜாலியான கட்டுரையை அதன்பிறகு எழுத முடியவில்லை. இதை எழுதுகிறேன்.

என் பெயர் சகாயராஜ். ராயபுரத்துக்காரன். அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். பௌதிகம் படித்து, வெளியூரில் ஆராய்ச்சிப் பட்டம் முடித்து, திருவொற்றியூரில் ஒரு ரசாயனத் தொழிற்சாலை தன் வளாகத்துக்குள் நடத்திய சிறிய ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். ஓய்வு பெறும்வரை வேறெங்கும் போகவில்லை.

திரவப் படிகம் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். சில பொருள்கள் உருகும்போது சட்டென்று திரவமாகிவிடுவதில்லை. இடையில் ஒரு நிலையில் தங்கும். பாயும், ஆனால் மூலக்கூறுகள் தங்கள் ஒழுங்கை முழுக்க விட்டுவிடாது. கால்குலேட்டர் திரையும் தொலைக்காட்சித் திரையும் அந்த நிலையை வைத்துத்தான் பிழைக்கின்றன. நாங்கள் கையாண்டது அந்தக் குடும்பத்தின் வேறொரு கிளை, கொலஸ்ட்ராலிலிருந்து செய்யும் சேர்மங்கள். அவற்றின் மூலக்கூறுகள் அடுக்கடுக்காகப் படுத்திருக்கும். ஒவ்வோர் அடுக்கும் கீழே உள்ளதைவிடச் சற்றே திரும்பியிருக்கும், சுழற்படிக்கட்டு போல. ஒரு முழுச் சுற்றின் உயரம் சில நூறு நானோமீட்டர். ஒளியின் அலைநீளமும் ஏறக்குறைய அந்த அளவுதான். ஆகவே சுற்றின் உயரம் எந்த நிறத்துக்குப் பொருந்துகிறதோ அந்த நிறத்தை மட்டும் அது திருப்பி அனுப்பும். சூடு ஏறினால் சுற்று இறுகும். சிவப்பு பச்சையாகும், பச்சை நீலமாகும். சூடு இறங்கினால் திரும்பி வரும். சாயம் ஒரு சொட்டுகூடக் கிடையாது.

எங்கள் தலைவர் டாக்டர் வேதாசலம். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. வேலை பிடிக்கவில்லை என்றால் "நன்று" என்பார். பிடித்திருந்தால் ஒன்றும் சொல்லாமல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு வெறுங்கண்ணால் பார்ப்பார். நாம் எதைக் கண்டுபிடித்துப் போய்ச் சொன்னாலும், "அதனால்?" என்று ஒரு கேள்வி. அதற்குப் பதில் இல்லாமல் அவர் அறைக்குள் போகக்கூடாது என்பது முதல் மாதத்திலேயே எல்லாருக்கும் பழகிவிடும். எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே பழகிவிட்டது. பதில் தயாராக இல்லாத விஷயங்களை நான் அவரிடம் சொல்லாமலேயே விடத் தொடங்கினேன்.

வேலை இப்படித்தான். மூன்று சேர்மங்களை எடை போட்டு ஒரு குப்பியில் இட்டு, வெந்நீர்த் தொட்டியில் வைத்து உருக்கிக் கலக்க வேண்டும். காற்றும் வெயிலும் படாமல் பழுப்புக் குப்பியில், நைட்ரஜன் நிரப்பி மூட வேண்டும். அங்கே கடற்காற்றும் சுற்றியிருந்த ஆலைகளின் காற்றும் ஒன்றாக வரும். ஈரம் உறிஞ்ச வைத்த நீலக் குருணைகள் மதியத்துக்குள் ரோஜா நிறத்துக்கு வந்துவிடும். கலவையில் ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் வைத்து மேலே மெல்லிய கண்ணாடி வில்லையைப் போட்டு, கறுப்புத் தளத்தின்மேல் வைத்து, நீரின் சூட்டை மிக மெதுவாக ஏற்றிக்கொண்டே நிறத்தைப் பார்ப்போம். ஒரு கட்டுப்பாடு உண்டு: பார்க்கும்போது வில்லையைத் தொடக்கூடாது. விரல் பட்டு வில்லை நகர்ந்தால் அடுக்குகள் நேராகிப் பளிச்சென்று நிறம் எழும். பார்ப்பதற்கு அழகாக இருக்கும், ஆனால் அது சூட்டினால் வந்த நிறம் அல்ல. புதிதாகச் சேர்ந்தவர்கள் அதில் ஏமாறுவார்கள். இன்னொரு கட்டுப்பாடு, நேர் மேலிருந்துதான் பார்க்க வேண்டும். அதற்காகவே மேசைக்கு மேலே ஒரு கறுப்புக் குழாயைச் செங்குத்தாகப் பொருத்தி வைத்திருந்தோம். கண்ணை அதில் வைத்தால் வேறு கோணத்தில் பார்க்கவே முடியாது.

அந்தக் குழாயைப் பொருத்தியவன் நான். ஏன் பொருத்தினேன் என்பதும் எனக்குத் தெரியும். சுழற்படிக்கட்டை நேர் மேலிருந்து பார்ப்பதும் சாய்வாகப் பார்ப்பதும் ஒன்றல்ல. சாய்வாகப் பார்த்தால் நிறம் நீலத்தின் பக்கம் நகரும். செம்பழுப்பு பச்சையாகத் தெரியும். இந்தத் துறையில் முதல் வாரத்தில் படிக்கிற பாடம்.

குழந்தைகளுக்கான தாள் என்பது வேதாசலத்தின் யோசனை. எடை குறைந்து பிறக்கும் குழந்தைகள் சத்தமில்லாமல் குளிர்ந்து போய்விடும். அழாது, நடுங்காது. சிறிய ஆஸ்பத்திரிகளில் ஒரு வார்டுக்கு ஒரு செவிலிதான் இருப்பார். அவர் ஒவ்வொரு குழந்தையாக எழுப்பி அக்குளில் தெர்மாமீட்டர் வைத்துக்கொண்டிருக்க முடியாது. கறுப்புத் தாளில் எங்கள் கலவையைப் பூசி, மேலே மெல்லிய பிளாஸ்டிக் ஒட்டி, ஒரு ரூபாய் நாணயம் அளவில் வெட்டிக் குழந்தையின் வயிற்றில் ஒட்டிவிடுவது. பச்சை என்றால் சூடு போதும். செம்பழுப்பு என்றால் குளிர்கிறது. கறுப்பு என்றால் ஆபத்து. "செவிலி எழுந்து போகவேண்டியதில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்து எல்லாக் குழந்தைகளையும் பார்த்துக்கொள்ளலாம்," என்று வேதாசலம் எல்லாரிடமும் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்தை நம்பித்தான் பணம் தருவதற்கு ஒரு குழு முன்வந்தது.

சாய்வுக் கோணத்தின் தொல்லைக்கு மருந்து உண்டு. கலவையைப் பெரிய பூச்சாகப் பூசாமல், ஜெலட்டினும் கோந்தும் சேர்ந்த கண்ணுக்குத் தெரியாத நுண்ணுறைகளுக்குள் அடைத்துப் பூசினால், ஒவ்வோர் உறையும் ஒவ்வொரு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும். எங்கிருந்து பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாது. அதையும் செய்துகொண்டுதான் இருந்தேன். ஆனால் உறைகள் எங்கள் ஊர்ப் புழுக்கத்தில் ஒட்டிக்கொண்டு கட்டி தட்டின. தப்பித்தவையும் மங்கலாக, சோப்பு நுரைக்குள் விழுந்த பச்சைபோல இருந்தன. நுண்ணுறைத் தாளை வேதாசலத்திடம் காட்டினேன். "நன்று," என்றார். உறையில்லாத வெறும் பூச்சைக் காட்டினேன். வண்டின் முதுகுபோல ஜொலித்தது. அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

வெறும் பூச்சையே அனுப்பினேன். நுண்ணுறை அடுத்த கட்டத்துக்கு என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். கோணத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. "அதனால்?" என்று கேட்டால், அதனால் இந்தத் தாள் உதவாது என்று சொல்லவேண்டி வந்திருக்கும். செய்தவனும் நான்தான்.

சோதனை நடந்தது எண்ணூர் நெடுஞ்சாலைப் பக்கம் இருந்த, இப்போது மூடப்பட்டுவிட்ட, ஒரு சிறிய பிரசவ ஆஸ்பத்திரியில். குழந்தைகள் வார்டு நீளமான அறை. கிழக்கே கடல் பார்த்த ஜன்னல். மேற்குச் சுவரோரம் செவிலியின் மேசை. நடுவே வரிசையாகத் தொட்டில்கள். லூர்துமேரி அங்கே பகல் வேலையில் இருந்தார். கல்மண்டபத்துப் பெண், வாய்த்துடுக்கு அதிகம்.

பணம் தரும் குழு வந்த அன்று காலை ஒரு குழந்தைக்கு நானே தாளை ஒட்டினேன். முகத்துவாரக்குப்பத்திலிருந்து வந்திருந்த ஒரு பெண்ணுக்கு முந்தின நாள் பிறந்த குழந்தை, கைப்பிடி அளவுதான். தாய் பிரசவ வார்டில் படுத்திருந்தாள். அவளுடைய அக்கா தேசம்மா தொட்டிலருகே நின்றுகொண்டு, "இன்னா சிஸ்டர், நெத்தில வெக்கிற பொட்ட வவுத்துல வெக்கிறாரு இந்த சார்?" என்றாள்.

"அது கண்ணு படாம இருக்கறதுக்கு இல்ல, குளிரு படாம இருக்கறதுக்கு," என்றார் லூர்துமேரி. "பச்சையா கீற வரைக்கும் நீ கவலப்படாத. நான் அங்க உக்காந்துக்கினே பாத்துக்குவேன்."

"உக்காந்துக்கினேவா? குடுத்து வெச்சவங்கப்பா," என்று தேசம்மா தங்கையைப் பார்க்கப் போனாள்.

குழுவில் மூன்று பேர். வேதாசலம் அவர்களைத் தொட்டில்களின் அருகே கூட்டிப்போகவில்லை. கூட்டமாகப் போனால் குழந்தைகளுக்கு நல்லதில்லை என்று ஆஸ்பத்திரியின் டாக்டரம்மா தடுத்தார். அதுவும் நியாயம்தான். எல்லாரும் செவிலியின் மேசையைச் சுற்றி நின்றோம். எனக்கும் ஒரு நாற்காலி கிடைத்தது. காலை வெளிச்சம் ஜன்னல் வழியாகத் தொட்டில்கள்மேல் சாய்ந்து விழுந்து எங்கள் பக்கம் வந்தது. எல்லா வயிறுகளிலும் பச்சை, சிலவற்றில் நீலம் ஓடிய பச்சை. "பாருங்க சார், இங்கேர்ந்தே எல்லாம் தெரியுது," என்று லூர்துமேரி பெருமையாகச் சொன்னார். குழுவில் மூத்தவர் தலையாட்டிக்கொண்டே கேள்விகள் கேட்கத் தொடங்கினார்.

ஜன்னலோரம் இருந்த மாதிரித் தாள்களின் பெட்டியை எடுத்துவரச் சொன்னார் வேதாசலம். எழுந்து நடந்தேன். மூன்றாவது தொட்டிலைக் கடக்கும்போது குனிந்து பார்த்தேன். தேசம்மாவின் தங்கை குழந்தை. அதன் வயிற்றில் இருந்தது செம்பழுப்பு, ஓரங்களில் கறுப்பு ஏறிக்கொண்டிருந்தது. பெட்டியை எடுத்துக்கொண்டு திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். பச்சை.

எனக்கு அந்த நிமிடமே விளங்கிவிட்டது. யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. படிக்கட்டு, சாய்வு, எதிரே ஜன்னல். அந்த வார்டு முழுக்க, அந்த நாற்காலியிலிருந்து பார்க்கிறவருக்கு, எங்கள் தாள் பொய் சொல்லிக்கொண்டிருந்தது. எந்த இடத்திலிருந்து பார்க்கலாம் என்று நாங்கள் விற்றோமோ அதே இடத்திலிருந்து.

எழுந்து, "குழந்தையைப் பாருங்கள்," என்று சொல்லியிருக்கவேண்டும். மூத்தவர் எத்தனை தாள் ஒரு மாதத்தில் செய்ய முடியும் என்று கேட்டுக்கொண்டிருந்தார். வேதாசலம் என்னைக் காட்டி, "சகாயராஜ் சொல்வார்," என்றார். நான் பதில் சொன்னேன். பதில் சொல்லிக்கொண்டே அந்தத் தொட்டிலைப் பார்த்தேன். குழு தேநீருக்குப் போகட்டும், போனதும் சொல்லிவிடுவோம் என்று நினைத்தேன். இன்னொரு கேள்வி, அதற்கு ஒரு பதில். இன்னும் ஒன்று. வயிறு தவிர மற்ற இடமெல்லாம் குழந்தைக்குப் போர்வை நன்றாகத்தான் சுற்றியிருக்கிறது என்று எனக்கு நானே சொன்னேன். கால் மணி நேரத்துக்கு மேல் அப்படிப் போயிருக்கும். லூர்துமேரி தொட்டில்களை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவர் வேலையை அவர் ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தார்.

அவர்கள் வெளியேறியதும் லூர்துமேரியிடம் போய், "மூணாவது குழந்தையைக் கொஞ்சம் பாருங்க சிஸ்டர்," என்றேன். அவர் போய்த் தொட்டார். தொட்ட கையை உடனே எடுத்துக்கொண்டு, ஆயாவைக் கூப்பிட்ட குரல் இப்போதும் எனக்குக் கேட்கிறது. குழந்தையைத் தாயின் மார்போடு சேர்த்துக் கட்டினார்கள். பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸில் கொண்டுபோனார்கள்.

குழந்தை பிழைத்தது. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், படிப்பவர் மனம் அதிலேயே நின்றுவிடும். அடுத்த வாரம் தேசம்மாவே வந்து சொன்னாள். ஆனால் அது பிழைக்கும் என்று எனக்குத் தெரியாமல்தான் நான் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் டாக்டரம்மாவின் அறையில் விசாரணை. அவர், வேதாசலம், லூர்துமேரி, நான். டாக்டரம்மா கேட்டார்: "குழந்தை அவ்வளவு குளிர்ந்து போற வரைக்கும் நீ என்ன பண்ணிட்டிருந்தே?"

"பாத்துக்கினுதான் இருந்தேன் டாக்டர். பச்சையாதான் இருந்திச்சி."

"குழந்தையைத் தூக்கினப்ப தாள் செம்பழுப்பா இருந்ததை நானே பார்த்தேன்."

"எனக்குப் பச்சையாதான் தெரிஞ்சிச்சி. பொய் சொல்லல டாக்டர்."

வேதாசலம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காரணத்தைத் தேடினார் என்றே நம்புகிறேன். தாள்கள் செங்குத்துக் குழாயில் ஒவ்வொன்றாகப் பார்க்கப்பட்டுத் தேறியவை; கோணத்தின் பாடம் தெரிந்த அவருக்கும் அப்போது அது தோன்றவில்லை போலும். மெதுவாகச் சொன்னார்: "சில பேருக்குப் பச்சையும் சிவப்பும் பிரித்துத் தெரியாது. அவர்களுக்கே அது தெரியாமலும் இருக்கும். அப்படி இருக்குமா, சகாயராஜ்?"

பெண்களில் அது மிக அரிது என்பது எனக்குத் தெரியும். காரணம் அதுவல்ல என்பதும் தெரியும். லூர்துமேரி என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த அறையில் நான் ஒருவன்தான் அவருக்கு உதவ முடியும் என்பது அவருக்கே தெரியாது. வேறு யாருமில்லாததால் பார்த்தார்.

"இருக்கலாம்," என்றேன்.

அவ்வளவுதான் நான் சொன்னது. கண் பரிசோதனை செய்துகொள்ளும்படி டாக்டரம்மா சொன்னார். குழந்தைகள் வார்டிலிருந்து அவரை எடுத்து ஊசி போடும் அறைக்கு அனுப்பினார்கள். கொஞ்ச நாளில் அவர் ஆஸ்பத்திரியை விட்டே போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். ஏன் என்று விசாரிக்கவில்லை.

இரவும் பகலும் நுண்ணுறை வேலையில் விழுந்தேன். கட்டி தட்டுவதைத் தடுக்க வழி கண்டேன். புதிய தாளை வேதாசலத்தின் மேசையில் வைத்து, "இதில் பக்கவாட்டில் பார்த்தால் நிறம் மாறாது," என்றேன். அவர் வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை. என்னை நீண்ட நேரம் பார்த்தார். பழையதில் மாறியதா என்று கேட்டால் சொல்லிவிடுவேன் என்று நின்றேன். அவர் கேட்காமல் தாளை ஓரமாக நகர்த்தி வைத்தார். எங்கள் இருவருக்குள் அதைப் பற்றிய பேச்சு அத்தோடு முடிந்தது. அந்த நுண்ணுறைத் தாளுக்காகத்தான் எனக்குப் பாராட்டும் பதவி உயர்வும் வந்தன. வேதாசலம் இப்போது இல்லை. அவர்மேல் பாரத்தைத் தூக்கி வைக்க இதை எழுதவில்லை.

மாணவிகள் சிரித்த நாளுக்குப் பிறகு லூர்துமேரியைத் தேடக் கிளம்பினேன். அது கடினமாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். கஷ்டமே இல்லை. கல்மண்டபத்தில் பங்குக் கோயில் ஆள் ஒருவரிடம் கேட்டதும், "ஊசி போடுற லூர்துக்காவா?" என்று தெருவைக் காட்டினார். இத்தனை காலமும் என் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில்தான் இருந்திருக்கிறார். உடனே போகவில்லை. நிவேதாவிடம் முழுவதையும் சொன்னேன். பிறகு அவருடைய கூடத்திலேயே ஓர் ஓரத்தில் உட்கார்ந்து, பழைய முறையில், உறை இல்லாமல், ஒரு தாள் செய்தேன். பழக்கம் விட்டுப்போய் இரண்டு தடவை மேல் பிளாஸ்டிக் நழுவியது. நிவேதா உதவிக்கு வரவில்லை. தள்ளி நின்றார்.

லூர்துமேரி கதவைத் திறந்து என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"லேப் சார்தான? இன்னா சார், தலைல ஒண்ணுமே காணோம். உள்ள வாங்க. ஒடம்பு கிடம்பு சரியில்லியா?"

"இல்லை சிஸ்டர். உங்ககிட்ட ஒண்ணு காட்டணும். ஒரு டிபன் பாக்ஸ்ல கொஞ்சம் வெந்நீர் வேணும்."

"வூட்டுக்கு வந்து வித்த காட்றீங்களா?" என்று சிரித்துக்கொண்டே கொண்டுவந்தார். தட்டையான மூடியைப் போட்டு அதன்மேல் தாளை வைத்தேன். தண்ணீர் ஆறட்டும் என்று காத்திருந்தோம். முழங்கால் வலி, மெட்ரோ வந்தபிறகு தெருவில் ஏறிப்போன வாடகை என்று அவர் ஏதேதோ பேசினார். நான் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இப்ப நேரா மேலேர்ந்து பாருங்க. என்ன கலர்?"

குனிந்தார். "செங்கல்லு கலரு." சொன்னதும் அவர் முகம் மாறியது. அந்தத் தாள் எது என்று தெரிந்துவிட்டது.

"அந்த ஸ்டூல்ல உட்கார்ந்து, ஜன்னல் பக்கம் பார்த்த மாதிரி, இங்கே பாருங்க."

உட்கார்ந்தார். எழுந்து வந்து மேலிருந்து பார்த்தார். மறுபடி போய் உட்கார்ந்தார்.

"பச்சை," என்றார்.

"எனக்கும் அங்கே உட்கார்ந்தால் பச்சைதான். யாருக்கும் பச்சைதான். உங்க கண்ணு சரி. தாள்தான் தப்பு."

அவர் என்னைப் பார்க்கவில்லை, மூடியின்மேல் இருந்த தாளையே பார்த்தார். "நீங்கதான சார் அன்னிக்கு வந்து, மூணாவது கொழந்தையப் பாருன்னீங்க. அத வெச்சித்தான் நான் நம்பினேன். அவருக்குத் தெரிஞ்சிகீது, எனக்குத் தெரியல, அப்ப கோளாறு எனக்குத்தானேன்னு."

"டெஸ்ட் பண்ணிக்கலையா?"

"எங்க போறது? பண்ணி, ஆமாம்னு எழுதிக் குடுத்துட்டா அப்பறம் எங்க வேல கெடைக்கும்? பயந்துக்கினு போவல. அப்ப ஒரு மொபெட் வெச்சிருந்தேன். சிக்னலாண்ட வந்தா கை வெலவெலத்துப் போயிடும். பச்சையா, செகப்பா, நான் பாக்கறது நெசந்தானான்னு. பின்னாடி ஹாரன் அடிப்பான், நான் நவுரமாட்டேன். வித்துட்டேன். எங்கண்ணன் சாவற வரைக்கும் என்னக் குருட்டுக் கொக்குன்னுதான் கூப்டுவான். ஆஸ்பத்திரி வேலயும் அதான் வுட்டேன். ஊசி போடறதுன்னா கலரு வாணாமே."

அவரே கேட்டார்: "இது உங்களுக்கு எப்ப சார் தெரிஞ்சிச்சி?"

"அப்புறமா," என்றேன். "கணக்குப் போட்டுப் பார்த்தப்ப."

"அப்பறம்னா அப்பவாவது வந்து சொல்லிருக்கலாமே."

"பயமா இருந்தது."

"பயம் எனக்குந்தான் இருந்திச்சி," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டுபோய்த் தண்ணீரைக் கொட்டிவிட்டு வந்தார். தாளை என்னிடம் தரவில்லை, அலமாரியில் வைத்துக்கொண்டார். மலரைப் பற்றியும் மாணவிகள் சிரித்ததைப் பற்றியும் சொன்னேன்.

"எழுதுங்க. ஒரு நர்ஸம்மான்னு எழுதாதீங்க. பேரப் போடுங்க, கல்மண்டபம்னு ஊரையும் போடுங்க. புக்கு வந்தா ரெண்டு குடுங்க. இங்க பக்கத்துல மாசாமாசம் ஜெபக் கூட்டம் நடக்குது. அத்தினி பேருக்கும் என்னக் குருட்டுக் கொக்குன்னுதான் தெரியும். சத்தமாப் படிக்கப் போறேன்."

நிவேதா இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு ஓர் எழுத்தையும் மாற்றவில்லை. சிரிக்கிற முகத்தின் கதையை இனி வேறு விதமாகச் சொல்வேன் என்று மட்டும் சொன்னார். மலர் அச்சுக்குப் போகிறது. வந்ததும் இரண்டு பிரதிகளை நானே கொண்டுபோய்க் கொடுப்பதாக லூர்துமேரியிடம் சொல்லியிருக்கிறேன்.

ஜெபக் கூட்டத்தில் எழுந்து நின்று அவர் படிப்பார். தன் பெயர் வரும் இடத்தில் குரல் நிமிரும். அப்படியே படித்துக்கொண்டு இந்த இடத்துக்கும் வருவார்.

சிஸ்டர், உங்கள் வீட்டில் உட்கார்ந்து, "அப்புறமா தெரிந்தது" என்று சொன்னேன். அது பொய். மூன்றாவது தொட்டிலைத் தாண்டி வந்து நாற்காலியில் உட்கார்ந்தபோதே எனக்குத் தெரியும். டாக்டரம்மா அறையில் நீங்கள் என்னைத் திரும்பிப் பார்த்தபோதும் தெரியும்.